பெயர்க் கட்டம் காலி

கொடைக்கானல் அரசு மருத்துவமனையில்
அவன் மணிக்கட்டுப் பட்டையில்
'சுகிர்தாவின் ஆண் குழந்தை' என்றிருந்தது.
முதல் சில நாள்
அதுவே போதும் போலிருந்தது.

பிறகு சான்றிதழ் வந்தது.
என் பெயர் உண்டு, அவள் பெயர் உண்டு,
பூம்பாறை என்று ஊர்கூட உண்டு.
அவன் பெயருக்கு நேரே ஒரு சிறு கோடு.
பன்னிரண்டு மாதத்துக்குள் வந்தால் இலவசம்,
அப்புறம் தாமதக் கட்டணம் என்றார் எழுத்தர்,
கரண்ட் பில்லைப் பற்றிச் சொல்வதுபோல.

பூண்டு மண்டியில் எனக்கு
மூட்டைக்குப் பெயர் எழுதும் வேலை.
கறுப்பு மையில் இரண்டெழுத்து,
சாக்கு ஈரத்தில் ஊறாமல்,
வடுகபட்டியில் இறக்குகிறவன்
இருட்டிலும் படிக்கும்படி.
நாளைக்கு இருநூறு பெயர் வைக்கிறவனுக்கு
இது ஒன்று பெரிதா என்றிருந்தேன்.

எங்கள் தெருவில் நின்று 'வேலா' என்றால்
பதினோரு பேர் திரும்புவோம்.
சுகிர்தா வீட்டில் மூன்று சகாயராஜ்.
கூப்பிட்டால் ஒருவன் திரும்பினால் போதும் என்றாள்.
அவள் கேட்டது அது ஒன்றுதான்.

முதலில் பேகன் என்றேன்.
இந்த மலையை ஆண்டவன்,
மயிலுக்குக் குளிருமென்று
போர்த்தியிருந்ததைக் கொடுத்தவன்.
பெயருக்குப் பொருள் என்ன என்றாள்.
தேடினேன், யாரும் உறுதியாகச் சொல்லவில்லை.
அவளும் தேடியிருக்கிறாள்.
"மயிலுக்குப் போர்வை தந்தவர்
வீட்டிலிருந்தவளை விட்டுவிட்டு
வேறொருத்தி ஊரில் கிடந்தாராமே?
புலவர்கள் போய்க் கெஞ்சினார்களாமே?"
பட்டாணி உரித்தபடியே கேட்டாள்.
தோலோடு தோலாகப் பேகனும் போனான்.

ஆவினன், பழனியின் பழைய பெயரிலிருந்து.
'பள்ளிக்கூடத்தில் பால் பூத் என்பார்கள்'
என்றான் மச்சான்.

சேயோன், சிவந்த நிறத்தவன்.
இருவரும் தொட்டிலை எட்டிப் பார்த்தோம்.
அப்படியே என் நிறம்.
சிரித்த சத்தத்தில் அவன் விழித்துக்கொண்டான்.

அவள் யோசித்தது யாபேஸ். எபிரேயம்.
வேதனையோடு பெற்றேன் என்று
ஒரு தாய் இட்ட பெயராம்.
பதினாறு மணி நேரம் வலித்தவள்
அதை ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தாள்,
ஒரு வாரம் ஃபிரிட்ஜ் மேல் வைத்திருந்தாள்.
பிறகு அவளே அடித்தாள்.
"எனக்கு வலித்ததை
இவன் ஏன் ஆயுசுக்கும் சுமக்கணும்?"

ஐப்பசியில் ஒரு நாள்
மண்சரிந்து பஸ் நின்றுவிட,
கொடைக்கானல் நூலகத்தில் ஒதுங்கினேன்.
அகராதியில் ஓகாரத்தில் இருந்தது.
ஓரி:
தேன் முதிரும்போது அதில் ஏறும் நீல நிறம்.
பிடரி மயிர்.
கொல்லிமலைத் தலைவன் ஒருவன்.
நரி.

நரியை மறைத்துத்தான் சொன்னேன்.
"இன்னும் ஏதோ இருக்கு, முகத்தில் தெரியுது"
என்றாள். சொன்னேன்.
பிழைத்துக்கொள்வான் என்றாள்.
மைசூரிலிருந்து கேரட் ஏற்ற வந்த டிரைவர்
"ஹோரின்னா எங்க ஊரில் காளை" என்றார்
டீயை ஆற்றிக்கொண்டே.

அன்றிரவு பரணிலிருந்து
அந்தப் பாட்டிலை எடுத்தாள்.
பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை
மலை முழுக்கக் குறிஞ்சி பூத்த வருடம்,
எங்களுக்குக் கல்யாணம் ஆகுமா ஆகாதா
என்றிருந்த வருடம்,
மன்னவனூர் சாலையில் வாங்கிய தேன்.
செல்போன் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம்.
நீலம் என்று சொல்ல முடியவில்லை.
நீலமே இல்லை என்றும் சொல்ல முடியவில்லை.
அடியில் ஏதோ இருந்தது, மலையின் தூரத்து நிறம்.

"ஓரியா? முன்னாடி பின்னாடி
ஒண்ணும் கிடையாதா?" என்றார் எழுத்தர்.
கிடையாது என்றோம்.
கோடு இருந்த இடத்தில்
மூட்டையில் எழுதும் அதே இரண்டெழுத்து,
கம்ப்யூட்டர் மையில் கொஞ்சம் மெலிந்து.

கூப்பிட்டால் இன்னும் திரும்புவதில்லை,
குக்கர் விசிலுக்குத் திரும்புகிறான்.
ஒரு வயது முடியும்வரை
தேன் வாயில் படவே கூடாது
என்றிருக்கிறார் நர்ஸ்.
இன்னும் பத்தொன்பது நாள் இருக்கிறது.
அதுவரை பாட்டில் பரண்மேல்,
அவன் பெயர் என்ன ருசி என்று
அவனைத் தவிர
வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.